மெதுவாக ஓடவும் சொல்லிக்கொடுங்கள்

திருகோணமலை மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சேர்மாரே, டீச்சர்மாரே,



பட்டினத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் பிள்ளைகளை ஓட வைப்பவர்கள் நீங்கள். பரீட்சை நெருங்கினால் நேரசூசியில் முதலில் பறிபோவது உங்கள் பாடவேளைதான். வலய மட்டம், மாகாண மட்டம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் நாட்களில் பஸ் காசிலும் சோற்றுப் பார்சலிலும் உங்கள் கைக்காசும் சேர்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். 800 மீற்றர், 1500 மீற்றர் என்ற இரண்டு ஓட்டங்களுக்கு நம் பிள்ளைகளைத் தயார்படுத்தும் முறையைப் பற்றி எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

2023 ஜூலையில் பாங்கொக்கில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் தருஷி கருணாரத்ன 800 மீற்றரை 2 நிமிடம் 0.66 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18. வலல ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி; பயிற்றுவிப்பாளர் சுசந்த பெர்னாண்டோ. மூன்று மாதம் கழித்து ஹாங்சூ ஆசிய விளையாட்டு விழாவிலும் அதே தூரத்தில் தங்கம். ஆசிய விளையாட்டு விழாவின் மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளில் இலங்கைக்கு 21 ஆண்டுகளின் பின் கிடைத்த தங்கம் அது. கொழும்பின் பெரிய கழகம் ஒன்றின் தயாரிப்பாக இல்லாமல், மலைநாட்டுப் பாடசாலை ஒன்றின் மைதானத்திலிருந்து அந்தப் பிள்ளை வந்தார். உங்களுக்கு இது முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன்.

"அது மலைநாடு, காற்று மெலிந்த இடம், நாங்கள் கடல்மட்டத்தில் கிடக்கிறோம்" என்று ஒரு பதில் வரும். உயரத்தில் பயிற்சி எடுப்பதால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு தூரங்களின் வரலாற்றைப் புரட்டினால் கடற்கரை ஊர்க்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றரையும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டையும் வென்ற பீற்றர் ஸ்னெல் பயிற்சி எடுத்தது நியூசிலாந்தின் ஒக்லாந்தில். அது துறைமுக நகரம். ரோமில் 1500 மீற்றரை 3:35.6 என்ற உலக சாதனையோடு வென்ற ஹேர்ப் எலியட், அவுஸ்திரேலியாவின் போர்ட்சீ கடற்கரை மணல்மேடுகளில் ஏறி இறங்கி உரமேறியவர். ஸ்னெல் 1962 ஜனவரியில் ஒரு மைல் சாதனையையும், ஒரு வாரத்துக்குள் 1:44.3 என்ற 800 மீற்றர் சாதனையையும் புதுப்பித்தார். இரண்டையும் ஓடியது புல்தரையில். செயற்கை ஓடுபாதை வரட்டும், வரவேண்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரைக்கும் மெக்கெய்சர் விளையாட்டரங்கையோ ஏகாம்பரம் மைதானத்தையோ குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது பயிற்சி தொடங்குகிறோம். முதல் நாளே நிறுத்தற் கடிகாரத்தைக் கையில் எடுத்து 400 மீற்றரை முழுமூச்சில் ஓடவிடுகிறோம். அடுத்த நாளும் அதே. மூன்றாம் வாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் கணைக்கால் எலும்போரம் நோ. போட்டி முடிய மைதானம் வெறிச்சோடுகிறது. வலய மட்டச் சுற்றறிக்கை வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. நம் பிள்ளைகளிடம் வேகத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டில் எட்டு மாதம் அவர்களை மெதுவாக ஓடச் சொல்லத்தான் ஆளில்லை. என் விண்ணப்பத்தின் சாரம் இவ்வளவுதான். மிச்சம் அதற்கான காரணமும் வழியும்.

முதலில் காரணம். 800 மீற்றர் ஓட்டத்தில் தசைகளுக்கு வேண்டிய சக்தி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, மூச்சில் வரும் ஒட்சிசனைக் கொண்டு எரித்துப் பெறுவது. மற்றது, ஒட்சிசன் வந்துசேருமுன் அவசரத்துக்குப் பெறுவது. இந்த வழியில்தான் இலத்திக்கமிலம் சேர்கிறது, காலும் கனக்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான ஸ்பென்சர், காஸ்டின் இருவரும் தேர்ந்த ஓட்டக்காரர்களை அளந்து 2001இல் வெளியிட்ட கணக்கின்படி, 800 மீற்றரில் சக்தியின் 66 வீதம் ஒட்சிசன் வழியில் வருகிறது. 1500 மீற்றரில் 84 வீதம். 400 மீற்றரிலேயே அது 43 வீதம். இரண்டு நிமிடத்தில் முடியும் ஓட்டத்தை நீண்ட வேக ஓட்டம் என்று நாம் எண்ணுகிறோம். உடம்போ அதைப் பெரும்பாலும் மூச்சின் வேலையாகவே செய்கிறது.

அந்த மூச்சின் வழியைப் பெருக்குவது மெதுவான ஓட்டம். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் மயிர்த்துளைக் குழாய்கள் அடர்கின்றன. உயிர்க்கலத்தின் இழைமணிகள் பெருகுகின்றன. இவை வாரக்கணக்கில் வந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வருகின்றன. முழுமூச்சு ஓட்டத்தின் பலன் ஐந்தாறு வாரத்தில் உச்சத்துக்கு வந்து நின்றுவிடும். அதனால்தான் இல்லப் போட்டியில் மின்னிய பிள்ளை மாகாண மட்டத்தில் அதே நேரத்தையே திரும்ப ஓடுகிறது.

இதைக் கண்டு நடத்திக் காட்டியவர் ஸ்னெல்லின் பயிற்றுவிப்பாளர் ஆர்தர் லிடியார்ட். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விளையாட்டு விஞ்ஞானம் படித்தவர் இல்லை. தன் உடம்பிலேயே பரீட்சித்துப் பார்த்தவர். அவரிடம் ஓடியவர்கள் 1960 ரோமில் ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு தங்கம் வென்றார்கள்: ஸ்னெல் 800 மீற்றரில், மறி ஹல்பேர்க் 5000 மீற்றரில். பரி மகீ மரதனில் வெண்கலம். 800 மீற்றர் ஓடுபவரும் மரதன் ஓடுபவரும் அடித்தள மாதங்களில் ஒன்றாகவே நீண்ட தூரம் ஓடினார்கள். ஞாயிறு தோறும் மலைப்பாதையில் 35 கிலோமீற்றர். வாரத்தில் நூறு மைல், அதாவது 160 கிலோமீற்றர்.

இந்தத் தொகை வளர்ந்த ஆண்களுக்கானது. நம் பிள்ளைகளுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 14, 15 வயதில் 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று, நான்கு நாள் போதும். 17, 18 வயதுக்கு வரும்போது 40, 45 நிமிடம், ஞாயிறில் ஒரு மணித்தியாலம். தூரத்தைச் சொல்லாதீர்கள், நிமிடத்தைச் சொல்லுங்கள். தூரம் சொன்னால் பந்தயமாகிவிடும். பக்கத்தில் ஓடும் கூட்டாளியோடு முழு வசனமாகக் கதைக்க முடிந்தால் வேகம் சரி. திக்கித் திக்கி வந்தால் கூடிப்போயிற்று. உலகத்தரமான தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் செய்லர், அவர்களுடைய அமர்வுகளில் ஏறக்குறைய 80 வீதம் இப்படி இலகுவானவை என்று காட்டியிருக்கிறார். பிள்ளைகள் மூச்சுவாங்காமல் மைதானத்தைச் சுற்றுவதைப் பார்க்கும் அதிபர் "விளையாடுகிறார்களா?" என்று கேட்பார். இந்த 80 வீதத்தை அவருக்கும் சொல்லி வையுங்கள்.

இனி இடம். இந்த மாவட்டத்தைப்போல ஓட்டத்துக்கு வாய்த்த நிலம் குறைவு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அலை வந்து போன ஈரமணல் அதிகாலையில் இறுகிக் கிடக்கும். இலகு ஓட்டத்துக்கு அது போதும். காய்ந்த பொருமணலில் ஓட்டம் வேறு வகை. கால் புதையும், கெண்டைக்கால் வேகும். எலியட்டின் ஆசான் பேர்சி செருட்டி அந்த மணலைத்தான் நம்பினார். நம் பிள்ளைகளுக்கு அது வாரத்தில் ஒருநாள், பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். குதிகால் தசைநாண் அதிகம் தாங்காது. கரை ஒருபக்கம் சரிந்திருப்பதால் போன அளவு தூரம் திரும்பியும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலும் ஒரு இடுப்பும் மட்டும் பாரம் சுமக்கும்.

ஏற்றத்துக்கு உவர்மலை இருக்கிறது. வாகனம் குறைந்த சரிவொன்றைத் தேர்ந்து, 40 முதல் 60 விநாடி ஏறி, நடந்து இறங்கி, ஆறுமுறை செய்தால் காலுக்குப் பலமும் நடைக்கு நீளமும் வரும். கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை காலையில் பக்தர்களுடையது, அதை விட்டுவிடுவோம். கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குளக்கட்டு, தம்பலகாமத்தில் வயலோரச் செம்மண் பாதை. தாரை விட இவை முழங்காலுக்கு இதமானவை. மைதானம் சிறிதென்று கவலைப்படும் பாடசாலைகள் மீற்றரை மறந்து விசிலை எடுக்கலாம். விசில் அடித்தால் ஓட்டம், 70 விநாடியில் அடுத்த விசில், 90 விநாடி மெல்லோட்டம். 200 மீற்றர் சுற்றளவு இல்லாத இடத்திலும் இது நடக்கும். 400 மீற்றர் எவ்வளவு தூரமென்று பிள்ளைக்குக் காட்ட வேண்டுமென்றால் கிண்ணியாப் பாலம் இருக்கிறது; நீளம் 396 மீற்றர். நடைபாதையில் நடத்திக் காட்டினால் போதும். வாகனம் ஓடும் பாலத்தில் ஓடவிட வேண்டாம்.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். வேகம் ஆண்டு முழுவதும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டியது. ஆனால் சிறிய அளவில், களைப்பில்லாத காலில். இலகு ஓட்டம் முடிந்தபின் 80 மீற்றரை ஆறு தடவை, தளர்ந்த தோளோடு, நிமிர்ந்த நடையில் விரைந்து ஓடி, ஒவ்வொன்றுக்கும் பின் மூச்சு அடங்கும்வரை நடக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள். முழங்கால் உயர்த்துதல், குதிகால் பின்னுக்கு அடித்தல் போன்ற ஒழுங்கு அசைவுகளும் அன்றே. 800 மீற்றர் உலக சாதனையாளர் டேவிட் ருடிஷாவின் ஆசான் கொல்ம் ஓ'கொனல் இந்த அசைவுகளுக்குக் கொடுத்த கவனம் பேர்பெற்றது. அவர் அயர்லாந்துத் துறவி. 1976இல் கென்யாவின் இற்றென் ஊரிலுள்ள புனித பற்றிக் உயர்நிலைப் பாடசாலைக்குப் புவியியல் படிப்பிக்க வந்தவர். மெய்வல்லுநர் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் கையில் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். "நான் சமூகக்கல்வி ஆசிரியர், விளையாட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று சலித்துக்கொள்ளும் இளம் ஆசிரியர்கள் இவரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும்.

அடித்தளம் இருக்கும் பிள்ளைக்கு இடைவேளைப் பயிற்சி பொன். இதை ஒழுங்குபடுத்தியவர்கள் ஜேர்மனியின் பயிற்றுவிப்பாளர் வொல்டமார் கெர்ஷ்லரும் இதயநோய் மருத்துவர் ஹேர்பேர்ட் ரைன்டெலும். கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ப் ஹார்பிக் 1939இல் மிலானில் 800 மீற்றரை 1:46.6இல் ஓடினார், 16 ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. அவர்களுடைய விதி எளிது. ஓடி முடிக்கும்போது நாடித்துடிப்பு 180 அளவுக்கு ஏறலாம். ஒன்றரை நிமிடத்துக்குள் 120க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைய வேலை போதும். இதற்குக் கருவி வேண்டாம். பிள்ளை கழுத்தில் விரல்வைத்துப் பத்து விநாடி எண்ணட்டும். 20 என்றால் 120. அதற்குமேல் என்றால் இன்னும் நடக்கட்டும். ஒன்றரை நிமிடம் தாண்டியும் இறங்கவில்லையென்றால் வீட்டுக்குப் போகட்டும்.

எந்த வேகத்தில் ஓடவிடுவது? 800 மீற்றரை 2:10இல் ஓடும் 17 வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய 800 வேகம் சுற்றுக்கு 65 விநாடி. 1500 வேகம் ஏறக்குறைய 71. 3000 மீற்றர் வேகம் 76, 77. இந்த மூன்றையும் மாறிமாறித் தொட வேண்டும். ஒரு வாரம் 400 மீற்றர் ஆறு, ஒவ்வொன்றும் 76 விநாடி, இடையில் ஒன்றரை நிமிடம். அடுத்த வாரம் 300 மீற்றர் எட்டு, 53 விநாடி, இடையில் இரண்டு நிமிடம். மூன்றாம் வாரம் 200 மீற்றர் மூன்று, 32 விநாடி, எட்டு நிமிட ஓய்வு, பிறகு இன்னொரு மூன்று. கடைசி ஓட்டமும் முதல் ஓட்டமும் ஒரே நேரத்தில் வந்தால் பயிற்சி வெற்றி. 300 மீற்றரில் முதலாவது 48, கடைசி 60 என்று வந்தால் பையன் பாடுபட்டிருக்கிறான், பயிற்சி நடக்கவில்லை. பல வேகங்களைக் கலக்கும் இந்த வழியைப் பிரித்தானியாவின் பிராங்க் ஹோர்வில் ஒரு முறையாக வகுத்தார். பீற்றர் கோ என்ற பொறியியலாளர் தன் மகன் செபஸ்ரியனுக்கு அதையொத்த வழியில் பயிற்சி கொடுத்தார். மகன் 1980இலும் 1984இலும் ஒலிம்பிக் 1500 மீற்றரை வென்றார்.

இலகுவுக்கும் இடைவேளைக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. ஒரு குறுவசனம் சொல்லலாம், கதை சொல்ல முடியாது என்ற அளவு வேகம். எட்டு நிமிடம் அப்படி ஓடி, இரண்டு நிமிடம் மெல்லோட்டம், மூன்று முறை. 2021இல் டோக்கியோவில் 1500 மீற்றரை 3:28.32இல் வென்ற ஜேக்கப் இங்கபிரிட்சனின் நோர்வேக்காரர்கள் இந்த வகை ஓட்டத்தையே பயிற்சியின் நடுத்தூணாக வைத்திருக்கிறார்கள். காதில் ஒரு துளி இரத்தம் எடுத்து இலத்திக்கமிலத்தை அளந்து, வேகம் எல்லை தாண்டாமல் காவல் பண்ணுகிறார்கள். நமக்கு இரத்தம் எடுக்க வேண்டாம். "கடைசி எட்டு நிமிடம் முடிந்ததும் இன்னொன்று ஓடுவாயா?" என்று கேளுங்கள். "ஓம் சேர்" என்று முகம் சுளிக்காமல் வந்தால் வேகம் சரி. கடிகாரம் இல்லாத நாளில் கடற்கரை வீதியின் விளக்குக் கம்பங்கள் போதும்: இரண்டு கம்பத்துக்கு விரைவு, மூன்று கம்பத்துக்கு மெல்ல. சுவீடனில் கொஸ்ற்றா ஹோல்மர் 1930களில் வகுத்த இந்த விளையாட்டு ஓட்டத்தில் வளர்ந்தவர்கள்தான் குண்டர் ஹேக், ஆர்ன அண்டர்சன் இருவரும். ஒரு மைல் சாதனையை மாறிமாறி உடைத்து 1945இல் 4:01.4 வரை கொண்டுவந்தார்கள்.

ஒரு வாரத்தை இப்படி அடுக்கிப் பாருங்கள். திங்கள் இலகு ஓட்டமும் 80 மீற்றர் விரைவுகளும். செவ்வாய் இடைவேளைப் பயிற்சி. புதன் அரை மணித்தியாலம் இலகு, அல்லது ஓய்வு. வியாழன் எட்டு நிமிட ஓட்டங்கள். வெள்ளி முழு ஓய்வு. ஜும்ஆவுக்கும் கோயிலுக்கும் போகிற நாள், எல்லோருக்கும் பொருந்தும். சனி உவர்மலை அல்லது மணல். ஞாயிறு காலை ஐந்தரைக்கே நீண்ட மெல்லோட்டம். ரியூசன் தொடங்குமுன் முடிந்துவிடும். வாரத்தில் கடினமான நாள் மூன்றைத் தாண்டவே கூடாது. இளையவர்களுக்கு அதில் ஒன்றையோ இரண்டையோ வெட்டிவிடுங்கள்.

ஆண்டை அடுக்குவதும் கடினமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைமழை, மைதானம் குளமாகும். அந்த மூன்று மாதம்தான் அடித்தளம் போடும் காலம். மழையில் நனைந்து ஓடலாம், இடிமின்னலில் கூடாது. மாசி, பங்குனியில் வரும் இல்லப் போட்டியை ஆண்டின் முடிவாக நினைக்காமல் ஒரு சோதனையாக நினையுங்கள். பிறகு சுற்றறிக்கையில் மாகாணப் போட்டியின் திகதி வந்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரண்டு வாரம் குறைத்தல், அதற்கு முன் ஆறு முதல் எட்டு வாரம் இடைவேளைப் பயிற்சி, அதற்கு முன் நான்கு வாரம் ஏற்றம், அதற்கு முன்னுள்ளதெல்லாம் இலகு ஓட்டம். வைகாசியிலிருந்து கச்சான் காற்று சுடும். பள்ளி விட்டதும் இரண்டு மணி வெயிலில் பயிற்சி வைப்பது ஆபத்து. காலை ஏழுக்குள், இல்லையேல் மாலை ஐந்துக்குப் பின். இந்த ஆண்டுகளில் நோன்பு மாசி, பங்குனியில் இல்லப் போட்டியோடு சேர்ந்து வருகிறது. நோன்பு பிடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மாதம் கடின நாள் வேண்டாம். நோன்பு திறக்குமுன் இருபது நிமிடம் மெல்லோட்டம், பிறகு சில விரைவுகள். நான்கு வாரம் இலகுவாக ஓடியவன் எதையும் இழப்பதில்லை.

போட்டி நாளுக்கு ஒரு பாடம். வெடிச்சத்தம் கேட்டதும் முதல் 200 மீற்றரைப் பறந்து, 500இல் வாய்பிளந்து, கடைசி நூறில் நடக்கிற பிள்ளையை எல்லா மைதானத்திலும் காண்கிறோம். சம்பளம் வந்த அன்றே முழுதையும் செலவழித்த வீட்டின் மாதக்கடைசி அது. 2012 லண்டனில் ருடிஷா 1:40.91 ஓடியபோது முதல் சுற்று 49.28, இரண்டாம் சுற்று 51.63. உலக சாதனையிலேயே வித்தியாசம் 2.35 விநாடிதான். நம் பிள்ளையின் வித்தியாசம் 15 விநாடி என்றால், அதைச் சரிசெய்தாலே பயிற்சி கூடாமல் நேரம் குறையும். 100 மீற்றருக்கு ஒரு கொடி நட்டு, 18 விநாடிக்கு ஒருமுறை விசில் அடியுங்கள். விசிலும் கொடியும் ஒன்றாக வரவேண்டும். அந்த வேகம் 1500 மீற்றருக்கு 4:30. கண்ணை மூடிக்கொண்டும் அந்த வேகத்தை உணரப் பழகிய பிள்ளையை முன்னால் பறப்பவர்கள் அசைக்க முடியாது.

இனி, நிறுத்த வேண்டியவை என்று நான் நினைக்கும் சில. பிந்தி வந்தவனுக்கும் வீட்டுவேலை செய்யாதவனுக்கும் "மைதானத்தைப் பத்துத்தரம் சுற்று" என்று தண்டனை கொடுப்பதை நிறுத்துவோம். ஓட்டமே தண்டனை என்று ஐந்தாம் வகுப்பில் படித்த பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் ஓட்டக்காரனாக்க முடியாது. இல்லத்துக்குப் புள்ளி சேர்க்க ஒரே பிள்ளையை ஒரே நாளில் 400, 800, 1500, அஞ்சல் என்று நான்கிலும் இறக்குவதை நிறுத்துவோம். 13 வயதில் மீசை முளைத்தவன் வெல்வான். அவனை மட்டும் வைத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாய் ஆறாவதாக வந்தவனைக் கைவிடுவதை நிறுத்துவோம். அவனுக்கு 17 வயதில் காலம் வரும். முழங்காலுக்குக் கீழே வளரும் எலும்பில் நோ என்று சொல்லும் பிள்ளையை "பயந்தாங்கொள்ளி" என்று ஓடவிடுவதை நிறுத்துவோம். நெஞ்சு நோ, ஓடும்போது மயக்கம் என்றால் வைத்தியசாலை, வேறு பேச்சில்லை. தெரியாத கடையில் வாங்கிய மாவும் குளிசையும் எந்தப் பிள்ளையின் கையிலும் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் ஆசிய 800 மீற்றர் தங்கத்தை வென்றார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் நான்ட்ரோலோன் தெரிந்ததால் அந்தப் பதக்கமும் போய், நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. எப்படி உடம்புக்குள் போனது என்ற வாதம் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தத் தொகை கூடியிருப்பதை நீங்கள் என்னைவிட நன்றாகக் கண்டிருப்பீர்கள். சாப்பிடாத பிள்ளைக்கு அன்று இடைவேளைப் பயிற்சி இல்லை, மெல்லோட்டம் மட்டும். பயிற்சி முடிந்ததும் ஒரு கோப்பை கஞ்சி, ஒரு வாழைப்பழம், அவித்த கடலை, பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டால் கிடைக்கும். ஸ்பைக் சப்பாத்து வாங்கித் தர முன்வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு களைப்பாகத்தான் முதலில் தெரியும். "சோம்பல்" என்று பெயர் வைக்குமுன் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சூடை, சாளை, ஈரல், கீரை, கூடவே தேசிக்காய்ப்புளி என்று தாய்மாருக்குச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றுபோனால் அது கடும்பயிற்சியின் வெற்றி இல்லை, உடம்புக்குப் போதிய உணவு இல்லை என்பதன் அறிவிப்பு. பெண்பிள்ளைகள் பொழுதுபடுமுன் வீடு திரும்ப வேண்டும், நீளக் காற்சட்டையோ ஸ்காஃபோ அணிந்து ஓட வேண்டும் என்று வீட்டார் கேட்டால் உடனே சம்மதியுங்கள். நேரத்தை மாற்றுவது எளிது. நின்றுபோன பிள்ளையைத் திரும்ப அழைப்பதுதான் கடினம்.

ஓய்வும் பயிற்சிதான் என்பதற்கு ஒரு சாட்சி. 1954இல் ஒரு மைலை முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் ஓடிய ரொஜர் பனிஸ்ரர், அந்த வசந்தத்தில் கால் மைல் பத்தை 61 விநாடிக்குக் கீழே இறக்க முடியாமல் முட்டி நின்றார். ஓட்டத்தை விட்டுவிட்டு சில நாள் ஸ்கொட்லாந்துக்கு மலை ஏறப் போனார். திரும்பி வந்து 59 விநாடியில் பத்தையும் ஓடினார். அடுத்த சில வாரத்தில், மே 6ஆம் திகதி, 3:59.4. அவர் மருத்துவ மாணவர். படிப்புக்கு நடுவில் ஒரு நாளைக்கு அரை மணி, முக்கால் மணிதான் ஓடினார். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் "படிப்புக் கெடும்" என்று வரும்போது இந்தக் கதையைச் சொல்லலாம்.

கடைசியாக, செய்யக்கூடிய இரண்டு காரியம்.

ஒன்று: மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நடுத்தூர ஓட்டக்காரர்களை மட்டும் ஓரிடத்தில் சேர்ப்போம். ஒரு மாதம் பட்டினத்தில், அடுத்தது கிண்ணியாவில், பிறகு கந்தளாயில், மூதூரில். தன் பாடசாலையில் தனியாக ஓடும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓட ஆள் கிடைக்கும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் மாவட்டம் இது. போட்டியில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் அவர்கள் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு ஓடட்டும். உங்களுக்கும் கடிகாரத்தையும் அனுபவத்தையும் பகிர இடம் கிடைக்கும்.

இரண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. திகதி, எத்தனை நிமிடம், எங்கே, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, நித்திரை, எங்கே நோ. நான்கு வரி போதும். காலைத் துடிப்பு வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடியிருந்தால் அன்று இலகு. பாடசாலை மாறும் பிள்ளையோடு கொப்பியும் போகும். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அடுத்து வரும் ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் பதக்கங்களைவிட அதிகம் தொலைந்துபோனது இந்தக் குறிப்புகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழியில் ஓராண்டு போகட்டும். வரும் ஐப்பசியில் தொடங்கி, அடுத்த மாகாணப் போட்டிவரை. கொப்பியில் உள்ள நேரங்களையும் இப்போதுள்ள நேரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறையாவிட்டால் பழைய முறைக்கே திரும்பலாம்; நானும் வந்து விசில் அடிக்கிறேன். இதில் எங்கே உங்கள் அனுபவம் வேறுபடுகிறதோ அங்கே மறுத்து எழுதுங்கள். மைதானத்தில் நிற்பவர்கள் நீங்கள், உங்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

அன்புடன்,
உங்களில் ஒருவரிடம் ஓடப் பழகிய பழைய மாணவன்,
திருகோணமலை